ஏற்காட்டுத் தோட்டத்தின் கல்சுவரைப் பழையபடி கட்டித் தந்த குழு

ஏற்காட்டில் எங்கள் குடும்பத்துக்கு உள்ள சிறு காபித் தோட்டத்தில், சரிவைத் தாங்கி நிற்கும் கருங்கல் சுவரைச் சீரமைக்க உள்ளூர்க் கல்கட்டுக் குழு ஒன்றை இந்த ஆண்டு அமர்த்தினோம். ஐந்து பேர் பதினொரு நாளில் 40 அடி நீளச் சுவரைச் சாந்தே இல்லாமல், பழைய முறையில் அடுக்கி முடித்தார்கள்.

முதலில் நாங்கள் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஒப்பந்ததாரர் இதே சுவரின் இடுக்குகளையெல்லாம் சிமெண்டால் அடைத்தார். அதுவரை கல்லிடுக்குகளின் வழியே கசிந்து வெளியேறிக்கொண்டிருந்த மழைநீர் சுவருக்குப் பின்னாலேயே தேங்கியதால், ஐப்பசி மழையில் சுவர் வயிறு தள்ளி, ஒரே இரவில் சரிந்து, கீழிருந்த காபிச் செடிகளையும் புதைத்துவிட்டது.

இந்தக் குழுவின் மேஸ்திரி முதல் நாள் ஒரு கல்லையும் தொடவில்லை. தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்று மேட்டில் ஏறிப் பார்த்து, உண்ணிச்செடியின் வேரும் வண்டலும் அடைத்துக் கிடந்த பழைய கால்வாயைத் திறந்த பிறகே சுவருக்கு வந்தார். சரிந்த கற்களில் ஒட்டியிருந்த சிமெண்டை உளியால் கொத்தி நீக்கி, அளவு வாரியாகத் தரையில் பரப்பி, நீளக் கற்களை மண்மேட்டுக்குள் வால்போல் நுழையும்படி வைத்து, பின்புறம் சில்லுக்கல் நிரப்பி, சுவரை மேட்டுப் பக்கம் சற்றே சாய்த்துக் கட்டினார்கள். சுவருக்கு மேலிருக்கும் பலா மரத்தை வெட்டிவிடச் சொன்னவர்கள் உண்டு. இவர்கள் கிளைகளை மட்டும் கழித்து, வேருக்கு வழிவிட்டுச் சுவரை வளைத்தார்கள். நிழல் குறைந்த தோட்டத்தில் அராபிகா வகைக் காபிச் செடியை வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு அதிகம் தாக்கும் என்பதால், அந்த மரம் எங்களுக்குச் சுவரைப் போலவே முக்கியம்.

சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் காபியைக் கொண்டுவந்த மலை இது. படிவரப்பு, கல்சுவர், கால்வாய், நிழல் மரம், காபி என ஒன்றையொன்று பிடித்து நிற்கும் இந்தச் சரிவில் எதையும் தனியாகப் பழுதுபார்க்க முடியாது. வரலாற்றுத் தோட்டங்களுக்காக 1981இல் வகுக்கப்பட்ட புளோரன்ஸ் சாசனம், இத்தகைய தோட்டத்தை உயிருள்ள நினைவுச்சின்னம் என்றும், அதன் பராமரிப்பு இடைவிடாமல் நடக்க வேண்டியது என்றும் கூறுகிறது. அந்தச் சாசனத்தை இக்குழுவினர் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் கால்வாயையும் சுவரையும் பார்த்துத் தர அவர்களாகவே முன்வந்தார்கள்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளுக்கு மூன்று வாரம் கழித்தே வந்தார்கள். பழைய சுவரைப் பிரிக்கும் முன் படமோ அளவோ எடுத்து வைக்கவில்லை. உடைந்த கற்களுக்குப் பதிலாகக் குவாரியிலிருந்து வந்த வெளிறிய கற்களை எங்களைக் கேட்காமலேயே முகப்பில் வைத்தது எனக்கு இன்னும் வருத்தம்; அவற்றைப் பின்புறம் இட்டு, பாசி படிந்த பழைய கற்களை முன்னே வைத்திருக்கலாம். கூலி, சிமெண்டுச் சுவருக்குக் கேட்கப்பட்டதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல். செய்த வேலைக்கு அது தகும்.

அழைக்க நினைப்பவர்கள் பழம் பறிப்பு முடியும் மாசியிலேயே சொல்லிவைப்பது நல்லது. பறிப்புக் காலத்தில் இவர்களுக்கு ஆள் கிடைப்பதில்லை. மழை தொடங்கிவிட்டால் ஈர மண்ணில் அடிக்கல் வைக்க இவர்கள் சம்மதிப்பதும் இல்லை.