ஜாகுவார்: மார்க் 2 வாங்கலாமா, அலுமினிய எக்ஸ்ஜே வாங்கலாமா?

பிரிட்டனில் சேகரிப்புக்காக ஒரே ஒரு ஜாகுவார் செடான் வாங்க நினைப்பவர்களில் பலர், 1959 முதல் 1967 வரை வந்த மார்க் 2-க்கும், 2003 முதல் 2009 வரை விற்பனையான அலுமினிய எக்ஸ்ஜே-க்கும் நடுவே தடுமாறுகிறார்கள்.

விலை: நல்ல நிலையிலுள்ள 3.8 லிட்டர் மார்க் 2-க்குப் பெரிய தொகை வேண்டும். எக்ஸ்ஜே அதில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கும்.

துரு: இங்கேதான் நிதானம் தேவை. மார்க் 2 எஃகுக் கூடு. கதவடிச் சட்டங்களும் பின்பக்க ஸ்பிரிங் தாங்கும் இடங்களும் உள்ளுக்குள் அரித்துப்போகும். மேலே பளபளக்கும் பெயின்டை நம்பாதீர்கள். வண்டியைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். எக்ஸ்ஜேயின் கூடு பசையாலும் ரிவெட்டாலும் இணைத்த அலுமினியம், சிவப்புத் துரு பிடிக்காது. ஆனால் எஃகு ஆணி தொடும் இடங்களில் பெயின்ட் கொப்பளிக்கும். அதைச் சரிசெய்ய அலுமினியம் பழகிய ஆள் வேண்டும்.

பழுது: மார்க் 2-இன் ஆறு சிலிண்டர் எக்ஸ்கே என்ஜினைப் பழைய மெக்கானிக்குகள் நன்கு அறிவார்கள், உதிரிபாகமும் தாராளம். எக்ஸ்ஜேயின் ஏர் சஸ்பென்ஷன் (காற்றழுத்தத்தால் வண்டியைத் தாங்கும் அமைப்பு) கசிந்தால் செலவு கடிக்கும்.

ஓட்டம்: 1965-க்கு முந்தைய மார்க் 2-இன் மேனுவல் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (உரசலின்றிக் கியர் மாற்ற வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) இல்லை; நகர நெரிசலில் பொறுமையைச் சோதிக்கும். எக்ஸ்ஜேயில் நாள் முழுக்கப் போகலாம்.

வரி: நாற்பது வயது கடந்த மார்க் 2-க்குப் பதிவு செய்தால் சாலை வரி இல்லை. எக்ஸ்ஜே கட்டியாக வேண்டும்.

மதிப்பும் அழகும் முக்கியமென்றால், கொட்டகையும் பணமும் இருந்தால், மார்க் 2. வாரந்தோறும் ஓட்ட விரும்பினால் 4.2 லிட்டர் வி8 எக்ஸ்ஜே. என் ஓட்டு அதற்கே.