கார் ரூஃப் துணி மாற்றிய கதை: ஜி.பி. ரோடு, சென்னை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை சுத்தம், கொடுத்த காசு வீண் போகவில்லை. பின்னால் இடது பக்கம் ஒரு கடகட சத்தம் மட்டும் மிச்சம்.

வண்டி 2012 மாடல் செடான், ஐரோப்பியக் கம்பெனி. பேர் வேண்டாம். என்ஜினைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ரூஃப் லைனிங்தான், அதாவது உள்கூரையில் ஒட்டியிருக்கும் துணி, போன வெயிலில் தளர ஆரம்பித்தது. முதலில் பின் கண்ணாடியை ஒட்டி ஒரு சின்ன உப்பல். அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் ரூம் லைட் வரைக்கும் வந்துவிட்டது. பின் சீட்டில் அம்மா உட்கார்ந்தால் கொண்டையில் துணி உரசும். ஜன்னலை இறக்கிவிட்டு ஈ.சி.ஆரில் போனால் மொத்தத் துணியும் காற்று வாங்கி உப்பிக்கொள்ளும். நடுக் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் லாரி வருவதே தெரியாது.

சர்வீஸ் சென்டரில் கேட்டேன். துணியை மட்டும் மாற்ற மாட்டார்களாம். துணி ஒட்டியிருக்கும் போர்டோடு முழு செட்டையும் ஆர்டர் போட வேண்டும், 30,000 ரூபாய்க்குக் கிட்டே ஆகும், லேபர் தனி. இந்த வண்டியை இன்று விற்றால் என்ன தேறும் என்று பார்த்தால் அது கட்டுப்படியாகாது. வீட்டுப் பக்கத்து சீட் கவர் கடையில் வேறு யோசனை சொன்னார்கள்: எதையும் கழற்ற வேண்டாம், சிரிஞ்சில் பசை ஏற்றி அங்கங்கே அழுத்திவிடலாம், ஆயிரம் ரூபாய் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது நிற்காது.

ஏன் என்றால், தளர்வது பசை அல்ல. நாம் உள்ளே பார்க்கும் துணி நேராகப் போர்டில் ஒட்டப்படுவதில்லை. துணியின் முதுகில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் பாலியூரித்தேன் ஃபோம் இருக்கும். அந்த ஃபோம்தான் போர்டில் ஒட்டியிருக்கும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் சூடு 60 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். அதோடு நம் கடற்கரை ஊர்க் காற்றின் ஈரமும் சேர்ந்தால், வருஷக்கணக்கில் அந்த ஃபோம் உள்ளுக்குள் அழுகிப் பொடியாகிவிடும். பசை போர்டில் பத்திரமாக இருக்கும், துணியும் கிழிந்திருக்காது, நடுவில் இருந்த ஃபோம்தான் செத்திருக்கும். பொடியின் மேல் எவ்வளவு உயர்ந்த பசையை ஏற்றினாலும் அது பொடியைத்தான் பிடிக்கும். இதே காரணத்தால் பசை ஸ்ப்ரே டப்பாவும் வேண்டாம். ஆன்லைனில் விற்கிற திருகு பின்னைக் குத்தி ஒரு மழைக்காலத்தை ஓட்டலாம், ஆனால் ஒவ்வொரு பின்னைச் சுற்றியும் துணி சுருங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

அப்புறம்தான் ஜி.பி. ரோடு. கார் அலங்காரத்துக்கு என்றே இருக்கிற தெரு. அண்ணா சாலையிலிருந்து திரும்பியதுமே ஆட்கள் கையைக் காட்டி வண்டியை மடக்குவார்கள். நான் போனது மெயின் ரோட்டுக் கடை இல்லை, உள்சந்தில் ஒரு ஷட்டர் மட்டும் உள்ள இடம். கடைப் பேரை எழுதவில்லை. இந்த வேலைக்குக் கடையைவிட ஆள்தான் கணக்கு, ஆட்களோ இந்தத் தெருவில் கடை மாறிக்கொண்டே இருப்பார்கள். போனதும் ஒரே கேள்விதான் கேட்டேன்.

"பாய், போர்டைக் கழற்றித்தானே ஒட்டுவீங்க?"

"கழட்டாம எப்படி சார் ஒட்டுறது? மேல பார்த்துக்கிட்டே பசை அடிச்சா என் மூஞ்சிலதான் விழும்."

அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்து அவரே கேட்டார், "சைடுல ஏர்பேக் இருக்கா சார்?" என் வண்டியில் முன்னால் மட்டும்தான். ஜன்னல் ஓரமாகத் திரை மாதிரி விரியும் ஏர்பேக் உள்ள வண்டி என்றால், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் பில்லர் கவரில் (ஜன்னல்களுக்கு நடுவே கூரையைத் தாங்கும் தூண்களின் உள்மூடி) கை வைக்க வேண்டும். இதைக் கேட்காத ஆளிடம் அப்படிப்பட்ட வண்டியைக் கொடுக்காதீர்கள்.

சன் வைசர், கைப்பிடி, ரூம் லைட், கதவோர ரப்பர் பீடிங், பில்லர் கவர் எல்லாம் வரிசையாக வந்தன. முன் இடது சீட்டைப் படுக்கப் போட்டு, இரண்டு பேர் சேர்ந்து போர்டைச் சரித்து முன் கதவு வழியாக வெளியே எடுத்தார்கள். டிக்கிக் கதவு பெரிதாகத் திறக்கும் வண்டிகளில் பின்னால் வழியாகவே எடுத்துவிடலாம். செடானில்தான் இந்தச் சர்க்கஸ். போர்டை மடக்கிவிட்டால் மடிப்பு விழுந்துவிடும், அது புதுத் துணிக்கு மேலும் தெரியும்.

பழைய துணியை ஒரே இழுப்பில் உரித்தார் பாய். போர்டு முழுக்கக் காவி நிறத்தில் சோன்பப்டியை உதிர்த்துக் கொட்டியது மாதிரி ஃபோம். விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, தேய்த்தால் மாவாகிறது. ஒரு பையன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பிரஷ்ஷால் தேய்க்க உட்கார்ந்தான். மொத்த வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போனது. ஓரங்களிலும் ரூம் லைட் குழியிலும் பிரஷ் போகாத இடத்தில் நகத்தால் சுரண்டினான். ஒரு தரம் தேய்த்ததும் பாய் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார், கையைக் காட்டினார், காவி ஒட்டியிருந்தது. பையன் எதுவும் பேசாமல் திரும்பவும் முதலிலிருந்து தேய்த்தான். நான் காசு கொடுத்தது இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

துணியும் ஃபோம் ஒட்டி வருவதுதான் வேண்டும். அதுவும் பின்னல் துணி, இழுத்தால் கொடுக்கும், குழிகளில் படியும். சீட்டுக்குப் போடும் நெய்த துணியை ஒட்டினால் வளைவில் சுருக்கம் விழும். பசை, சூட்டைத் தாங்கும் ரப்பர் பசை. துணியின் முதுகிலும் போர்டிலும் துப்பாக்கியால் அடித்துவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஈரத்தோடு ஒட்டினால் பசை ஃபோமைத் தாண்டி ஊறி மேலே கறையாகத் தெரியுமாம். பிறகு துணியைப் பாதியாக மடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி நீவிப் படிய வைத்தார்கள்.

மொத்தம் 5,500 ரூபாய். கேட்டது 7,000. ஜி.எஸ்.டி. பில் கிடையாது. ஒரு வருஷம் உத்தரவாதம் என்று துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மதியம் தருவதாகச் சொன்ன வண்டி விளக்கு வைத்த பிறகுதான் வந்தது. இடது பின் பில்லர் கவரில் ஒரு கிளிப் உடைந்துவிட்டது. அதற்குப் பதிலாக வேறு ஏதோ வண்டியின் கிளிப்பைச் செருகியிருக்கிறார்கள். சத்தம் அதனால்தான், ஸ்பீட் பிரேக்கர் ஏறினாலே கேட்கும். ரூம் லைட் ஓட்டையை ஒரு நூல் அகலமாக வெட்டிவிட்டார்கள், தேடிப் பார்த்தால் ஓரத்தில் போர்டு தெரியும். துணி நிறம் சன் வைசரோடு ஒத்துப்போகவில்லை. பழையது பழுப்பேறிய பீஜ், புதுசு பளிச்சென்று இருக்கிறது. வைசருக்கும் அதே துணி போடச் சேர்த்து 800 கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன். பசை வாசனை கொஞ்ச நாள் இருந்தது, ஏ.சி. போட்டால் தலை வலிக்கும் அளவுக்கு. ஜன்னலைத் திறந்தே ஓட்டினோம், போய்விட்டது.

இந்த மே மாதம் முழுக்க ஆபீஸில் மொட்டை வெயிலில்தான் வண்டி நின்றது. துணி ஓரிடத்திலும் விடவில்லை, பின் கண்ணாடி ஓரமும் கெட்டியாக இருக்கிறது.

போகிறவர்கள் ஞாயிறு தவிர்த்து வேலை நாளில், காலையில் முதல் ஆளாகப் போங்கள். சந்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும், வெளிச்சத்திலேயே வேலை முடியும். சுரண்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். அந்த மாடல் கிளிப் நாலைந்து முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது, விலை ஒன்றும் பெரிதில்லை.