சர்வர் பவர் சப்ளையா, ஏடிஎக்ஸா? ஆறு கார்டு ரிக்குக்கு எது தாங்கும்

பெங்களூர் அல்சூர் மர்ஃபி டவுனில் என் மாமா மகன் வீட்டு மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறை ஒன்று உண்டு. 2021இல் அங்கே ஆறு கிராஃபிக்ஸ் கார்டு வைத்து, கிரிப்டோ காசு ஈட்டும் ஒரு மைனிங் ரிக் கட்டினோம். மூன்றாவது வாரம், விடிவதற்கு முன்பே போன் வந்தது. "மச்சான், பிளாஸ்டிக் கருகுற வாசனை வருது. சீக்கிரம் வா."

நான் போவதற்குள் மெயினை அணைத்துவிட்டிருந்தான். கார்டை மதர்போர்டில் இருந்து தள்ளி வைக்க உதவும் ரைசர் போர்டுகளில் நாலாவதற்குப் போகும் சாட்டா பிளக் பழுப்பேறி, ஒரு ஓரம் உருகி வழிந்து, சாக்கெட்டோடு ஒட்டிப்போயிருந்தது. இடுக்கியால் இழுத்தால் பின் தனியாக வந்தது, பிளாஸ்டிக் தனியாக வந்தது. கார்டு தப்பியது. ஏடிஎக்ஸ், அதாவது சாதாரணக் கம்ப்யூட்டரில் வரும் வகை, பவர் சப்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதன் வாட் போதாமல் எரியவில்லை, பிளக் தாங்காமல் எரிந்தது.

கணக்கு இதுதான். பிசிஐ-இ ஸ்லாட் (கார்டு செருகும் இடம்) வழியாக ஒரு கார்டு 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் வரை, அதாவது 66 வாட் வரை, இழுக்கலாம். ரைசர் வைத்தால் அது ரைசரின் பிளக் வழியாகவே வர வேண்டும். சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றுக்கும் 1.5 ஆம்பியர். மொத்தம் 54 வாட். சாதாரணக் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்குக்கு இது தாராளம். இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் ரைசருக்குப் போதாது. ரைசரோடு இலவசமாக வரும் அந்தச் சாட்டா வயரை நான் இப்போது பாக்கெட்டைப் பிரித்ததுமே வெட்டிப் போட்டுவிடுகிறேன். அன்றிலிருந்து எந்தப் பவர் சப்ளையைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் வால் பக்கத்தைத்தான் பார்க்கிறேன்: எத்தனை வயர், என்ன பிளக், எத்தனை ஆம்பியர்.

பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் இறங்கினால் மூன்று வழிகள் கண்ணில் படும். புது ஏடிஎக்ஸ். பழைய சர்வரில் இருந்து கழற்றிய பவர் சப்ளை, அதோடு அதன் மின்சாரத்தைப் பல பிளக்குகளாகப் பிரிக்கும் ஒரு பிரேக்அவுட் போர்டு. மூன்றாவது, பெயர் தெரியாத கம்பெனியின் "2000 வாட் மைனிங் பவர் சப்ளை". மூன்றாவதை இங்கேயே முடித்துவிடுகிறேன். லேபிளில் அச்சிட்ட வாட்டுக்கு யாரும் பொறுப்பில்லை, திறனுக்குச் சான்றிதழ் இல்லை, வயர் மெலிசு. வீட்டில் ஆட்கள் தூங்கும்போது ஓட வேண்டிய பொருள் அது. வேண்டாம்.

முதல் இரண்டும்தான் உண்மையான போட்டி.

ஏடிஎக்ஸ் 12, 5, 3.3 வோல்ட் எல்லாம் தரும். மதர்போர்டு, டிஸ்க், கார்டு எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி. விசிறி பெரிது, சத்தம் குறைவு, வாரண்டி உண்டு. ஆனால் ஆறு கார்டு என்று வந்துவிட்டால் அதன் வால்கள் போதாது. 1000 வாட் பெட்டியில்கூடப் பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு பிசிஐ-இ பிளக்தான் இருக்கும். ஆறு கார்டுக்கும் ஆறு ரைசருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு வேண்டும். அப்போதுதான் கை ஸ்பிளிட்டரையும் சாட்டாவையும் தேடிப் போகிறது. எங்கள் மாடியில் நடந்ததும் அதுவே.

சர்வர் பவர் சப்ளை வேறு ஜாதி. நீளமான, ஒடுங்கிய தகரப் பெட்டி. ஒரு பக்கம் பிளக், மறுபக்கம் தங்க முலாம் பூசிய விரல்கள், அதாவது மின்சாரம் வெளியே வரும் பட்டைகள், வரிசையாக. அதற்கு ஒரே வேலை, 12 வோல்ட் கொடுப்பது. ஹெச்பியின் 'காமன் ஸ்லாட்' வகை இங்கே அதிகம் புழங்குகிறது. டெல்டா தயாரித்த டிபிஎஸ்-1200எஃப்பி அதில் ஒன்று: 1200 வாட், 12 வோல்ட்டில் 100 ஆம்பியர். இதில் நமக்கு ஒரு அனுகூலம் உண்டு. அந்த 1200 வாட் 200 வோல்ட்டுக்கு மேல் உள்ள இணைப்பில்தான் கிடைக்கும். 120 வோல்ட் ஓடும் அமெரிக்க வீட்டில் அதே பெட்டி 900 வாட்தான் தரும். நம் வீட்டு 230 வோல்ட்டில் முழுதும் கிடைக்கிறது.

அடுத்தது திறன்: சுவரில் இருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு கார்டுக்குப் போய்ச் சேருகிறது என்பது. 80 பிளஸ் என்ற சான்றிதழ் இதை வெண்கலம், கோல்ட், பிளாட்டினம் என்று தரம் பிரிக்கிறது. ஒரே உருவத்தில் 460, 750, 1200 வாட் பெட்டிகள் உண்டு; கோல்டும் உண்டு, பிளாட்டினமும் உண்டு. தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான், லேபிளைப் படித்தே ஆகவேண்டும். சர்வர் வகைக்கான 80 பிளஸ் பிளாட்டினம் என்றால் 230 வோல்ட்டில், பாதி லோடில் 94 சதவீதம். வெண்கலத் தர ஏடிஎக்ஸ், 115 வோல்ட் சோதனைப்படி, பாதி லோடில் 85. கார்டுகளுக்கு 600 வாட் போக வேண்டும் என்றால் சுவரில் இருந்து முதலாவது 638 வாட் இழுக்கும், இரண்டாவது 706. இடைவெளி 68 வாட். நாள் முழுக்க ஓடினால் மாதம் சுமார் 49 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 340 ரூபாய்க்கு மேல், வருஷத்துக்கு 4,000 ரூபாயைத் தாண்டும்.

ஆனால் எதிரே நிற்பது நல்ல கோல்ட் ஏடிஎக்ஸ் என்றால் கதை மாறும். 90 சதவீதத்தோடு ஒப்பிட்டால் மிச்சம் மாதம் 20 யூனிட், 140 ரூபாய் சொச்சம். கரண்ட் பில்லுக்காகவே சர்வர் பெட்டி வாங்குகிறேன் என்று கோல்ட் ஏடிஎக்ஸ் வைத்திருப்பவர் சொன்னால் நான் தடுப்பேன். வாங்கும் விலைதான் அங்கே காரணமாக இருக்க முடியும். நான் வாங்கியபோது பிரேக்அவுட் போர்டும் வயரும் சேர்த்தே புது 1000 வாட் கோல்ட் விலையில் மூன்றில் ஒரு பங்கு ஆகவில்லை. ஒயிட்ஃபீல்டு பக்கம் கம்பெனிகள் சர்வர் மாற்றும்போது கழித்துப் போடுவது குஜரி (பழைய சாமான்) கடைகளுக்கு வந்து, அங்கிருந்து எஸ்.பி. ரோட்டுக்கு ஏறுகிறது. நன்றாக உழைக்கக்கூடிய ஒன்று உடைபடாமல் இன்னும் ஐந்து வருஷம் ஓடுவதில் எனக்குச் சந்தோஷம்தான்.

வாங்குமுன் லோடு போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். லோடு இல்லாதபோது வோல்ட் மீட்டரில் 12.2 காட்டும் பெட்டி, லோடு ஏறியதும் படுத்துவிடும். நான் கண்ட சுலபமான வழி கார் ஹெட்லைட் பல்பு. ஜே.சி. ரோடு எட்டி நடக்கும் தூரம். எச்4 ஹாலோஜன் பல்பு அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒரு பல்பு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். பத்துப் பல்பை ஒரு மரப்பலகையில் அடித்து வைத்திருக்கிறேன். 50 ஆம்பியர் லோடு, அரை மணி நேரம். கண் கூசும், பலகை சுடும், பக்கத்தில் காகிதம் இருக்கக் கூடாது. "அண்ணா, அரை மணி நேரம் ஓடட்டும், டீ சாப்பிட்டு வர்றேன்" என்று சொல்லும்போது கடைக்காரர் முகம் மலர்ந்தால் அவர் சரக்கு நல்ல சரக்கு. ஆம்பியரை அளக்க டிசி கிளாம்ப் மீட்டர் வேண்டும். எலக்ட்ரீசியன்கள் வைத்திருக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர்கள் பல ஏசியை மட்டுமே அளப்பவை.

இனி பிரேக்அவுட் போர்டு. சர்வர் பெட்டியின் விரல்கள் இதற்குள் நுழையும். மறுபக்கம் பத்துப் பன்னிரண்டு 6 பின் சாக்கெட், ஒரு பட்டன், வோல்ட் காட்டும் சிறு திரை. பத்து வயரையும் வெல்டிங் செய்கிற மாதிரி நேரே விரல்களில் பற்றவைக்கும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டி முழு லோடில் இருக்கும்போது அந்தச் சின்ன இடத்தில் 100 ஆம்பியர் பாய்கிறது. போர்டில் ஈயம் தடிமனாக ஓடியிருக்கிறதா, சாக்கெட் ஆடாமல் இறுக்கமாக உட்காருகிறதா என்று பாருங்கள்.

வயரில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியத்தைச் செம்பு என்று விற்பார்கள். நுனியைப் பிளேடால் லேசாகச் சீவினால் வெள்ளை தெரிந்துவிடும். 6 பின் பிளக்குக்கு விதிப்படி 75 வாட், 8 பின்னுக்கு 150. 150 வாட் என்பது 12.5 ஆம்பியர், மூன்று வயருக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் 4 ஆம்பியருக்குச் சற்று மேல். 18 கேஜ் நல்ல செம்பு இதைச் சுகமாகத் தாங்கும், 16 கேஜ் இன்னும் நிம்மதி. அதையே ஒரு 6 பின்னில் இருந்து இரண்டு 8 பின்னாகப் பிரித்தால் வயருக்கு 8 ஆம்பியருக்கு மேல் போய்விடும். போர்டில் சாக்கெட் காலியாக இருக்கும்போது ஸ்பிளிட்டர் எதற்கு? ரைசருக்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக ஓட்டுங்கள். 16 பின் சாக்கெட் வைத்த புதிய கார்டுகளை மட்டும் இந்த போர்டோடு சேர்க்காதீர்கள். அந்தச் சின்ன பிளக் வழியாக 600 வாட் வரை போகும். அதற்கு முறையான ஏடிஎக்ஸும் அதனுடன் வரும் கேபிளும்தான் சரி.

மதர்போர்டுக்கு 5ம் 3.3ம் யார் கொடுப்பது? சர்வர் பெட்டியை எடுப்பவர்கள் இங்கே இரண்டு கட்சி. ஒரு கட்சி சின்ன ஏடிஎக்ஸ் ஒன்றை மதர்போர்டுக்கு வைத்து, கார்டுகளை மட்டும் சர்வர் பெட்டியில் ஓட்டும். இன்னொரு கட்சி 12 வோல்ட்டை வாங்கி மற்ற வோல்ட்களாக மாற்றும் பிகோ பிஎஸ்யு என்ற விரல் நீளப் போர்டை மதர்போர்டில் செருகிவிடும். நான் இரண்டாவது கட்சி. பெட்டி ஒன்றே, கிரவுண்ட் ஒன்றே, எல்லாம் ஒன்றாக உயிர் பெற்று ஒன்றாக அணையும். பெஸ்காம் மின்சாரம் போய் வரும் மழை நாட்களில் இது பெரிய நிம்மதி. இரண்டு பெட்டி வைப்பவர்கள் ஒரு கார்டும் அதன் ரைசரும் ஒரே பெட்டியில் இருந்தே உண்ணும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ரைசர் ஏடிஎக்ஸில், கார்டு சர்வரில் என்று பிரித்தால் ஒன்று நின்று மற்றது ஓடும் நேரத்தில் கார்டு பாதி உயிரோடு தவிக்கும்.

சத்தத்தை யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. சர்வர் பெட்டிக்குள் இருப்பது 40 மில்லிமீட்டர் விசிறி. லோடு ஏறினால் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றைத் தாண்டும். மெல்லிய, கூர்மையான ஊளை அது, கதவு மூடினாலும் ஊடுருவும். எங்கள் அத்தை கீழ் அறையில் இரண்டு இரவு தூங்கவில்லை. அதன் பிறகே அறைச் சுவரில் ஃபோம் ஒட்டினோம். விசிறியைக் கழற்றி அமைதியான ஒன்றைப் போடலாமே என்று தோன்றும். விசிறியின் வேகம் எதிர்பார்த்த அளவில் வராவிட்டால் பல பெட்டிகள் தாமே நின்றுவிடும். அதைவிட முக்கியம், உள்ளே கெபாசிட்டரில் 400 வோல்ட்டை நெருங்கும் மின்சாரம் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கும். திறக்க வேண்டாம்.

சுவர்ப் பக்கம்: 1200 வாட் பெட்டி முழு லோடில் 6 ஆம்பியரைத் தொடும். ஆகவே 6 ஆம்பியர் சாக்கெட் கூடாது. 16 ஆம்பியர் பவர் பாயிண்ட், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், நல்ல எர்த். அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் பெயருக்கு இருக்கும். ரிக் சட்டத்தைத் தொட்டதும் சுருக்கென்று இழுத்தால் உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். 12 வோல்ட்தானே என்ற அலட்சியமும் ஆகாது. ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் ஒரு ஸ்குரூ டிரைவர் குறுக்கே விழுந்தால் 100 ஆம்பியர் அதை உலைக்களத்து இரும்பாக்கிவிடும். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள்.

2022 செப்டம்பர் 15இல் எத்தீரியம் என்ற கிரிப்டோ மைனிங்கையே கைவிட்டது. கிராஃபிக்ஸ் கார்டுக்கு இருந்த பெரிய வருமானம் அன்றோடு போனது. எத்தீரியம் கிளாசிக், ரேவன்காயின் போன்றவற்றை நம்பி இன்றைக்குப் புதிதாக முதல் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022 ஏப்ரல் முதல் நம் நாட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. வாங்கிய விலை தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது, கரண்ட் பில் உட்பட. ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவர்களுக்கும், அதே ரிக்கில் ஏஐ மாடல் ஓட்டிப் பழகும் பிள்ளைகளுக்கும்தான் இந்த ஒப்பீடு இன்று பயன்படும். பழைய ஆன்ட்மைனர் எஸ்9 என்ற பிட்காயின் மைனிங் மெஷின் வைத்திருப்பவருக்கும் பொருந்தும்: அதற்கு வேண்டியது 12 வோல்ட், 6 பின் பிளக் பத்து. பின்னால் வந்த எஸ்17, எஸ்19 மெஷின்களுக்கு அவற்றுக்கென்றே செய்த பவர் சப்ளை. சர்வர் பெட்டி அங்கே செல்லாது.

போன மாதம் மாரத்தஹள்ளி பிஜியில் தங்கியிருக்கும் ஒரு தம்பி கேட்டான். இரண்டு கார்டு, ஒரே அறை, கூடவே இன்னொருவர் தூங்குகிறார். "அண்ணே, சர்வர் சப்ளை பாதி விலைகூட இல்லையே?" என்றான். கோல்ட் ஏடிஎக்ஸ் வாங்கச் சொன்னேன், வாங்கிவிட்டான். அவனுக்கு வேண்டிய நாலு பிளக்கும் பெட்டியோடு வந்த கேபிளிலேயே இருந்தன. மர்ஃபி டவுன் மாடியில் ஆறு கார்டும் இன்றும் சர்வர் பெட்டியில்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மச்சானும் நானும் மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி, பின் ஓரம் பழுப்பேறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறோம். போன வாரம் ஒன்று லேசாக நிறம் மாறியிருந்தது. அந்தக் கேபிளை மாற்றிவிட்டோம்.