சிகாகோ, சியாட்டில், கென்யா: கவுன்டி பட்ஜெட்டில் யார் கை ஓங்குகிறது?

கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரியான ஒரு பகுதி. அதன் தலைவருக்கு வீட்டோ, அதாவது தேர்ந்தெடுக்கப்பட்ட அவை நிறைவேற்றியதைத் தடுக்கும் அதிகாரம், இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அவர் பலசாலி என்று முடிவுகட்டிவிட முடியாது. அதை முறியடிக்க அவையில் எத்தனை ஓட்டு வேண்டும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிகாகோ இருக்கும் குக் கவுன்டியையே எடுத்துக்கொள்ளலாம். அவை உறுப்பினர்களை அங்கே கமிஷனர்கள் என்பார்கள்; மொத்தம் 17 பேர். முன்பு வீட்டோவை முறியடிக்க ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 14 ஓட்டு வேண்டியிருந்தது. நாலே பேர் தலைவர் பக்கம் நின்றால் போதும். டாட் ஸ்ட்ரோஜர் தலைவராக இருந்தபோது ஏற்றிய விற்பனை வரியைக் குறைக்கப் பெரும்பான்மை இருந்தும் அவை முட்டிக்கொண்டு நின்றது இதனால்தான். 2009-ல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றம் வரம்பை ஐந்தில் மூன்றாக, 11 ஓட்டாக இறக்கியது. அதன் பிறகே வரிக்குறைப்பு வீட்டோவைத் தாண்டியது. 2017-ல் குளிர்பான வரியை 15-க்கு 2 என்று அவை ரத்து செய்தபோது, அந்த எண்ணிக்கைக்கு முன்னால் வீட்டோ வெறும் காகிதம்.

சியாட்டில் இருக்கும் கிங் கவுன்டியில் 9 உறுப்பினர்கள்; முறியடிக்க 6 ஓட்டு. இங்கே தலைவர் பட்ஜெட்டை முழுசாகத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, பிடிக்காத செலவினத்தை மட்டும் அடித்துவிடலாம். அவகாசம் 10 நாள். கையெழுத்துப் போடாமல் விட்டால் சட்டமாகிவிடும், ஆக கிடப்பில் போட வழியில்லை. முறியடிக்க அவைக்கு 30 நாள். தலைவர் செய்யும் நியமனத்தை அவை ஏற்க வெறும் பெரும்பான்மை, அதாவது 5 ஓட்டு போதும். ஒரு ஓட்டுதான் வித்தியாசம்; ஆனால் பேரம் நடப்பதே அந்த ஒரு ஓட்டில்தான்.

லாஸ் ஏஞ்சலஸ் ரகமே வேறு. சூப்பர்வைசர்கள் எனப்படும் 5 அவை உறுப்பினர்களில் 3 பேர் சேர்ந்தால் நிர்வாக அதிகாரியை நியமிக்கலாம், பட்ஜெட்டையும் நிறைவேற்றலாம். வீட்டோ போட ஆளே கிடையாது. தேர்தலில் வரும் நிர்வாகத் தலைவர் வேண்டும் என்று 2024-ல் வாக்காளர்கள் முடிவெடுத்தார்கள். முதல் தேர்தல் 2028-ல்.

கென்யாவின் 47 கவுன்டிகளில் ஆளுநர் தேர்தலில் ஜெயித்து வருபவர், நம்மூர் ஆளுநரைப் போல் அனுப்பி வைக்கப்படுபவர் அல்ல. மசோதா வந்த 14 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும், இல்லையென்றால் காரணங்களை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே கணக்கு. ஆளுநர் சொன்னதை ஏற்காமல் அவை மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் மறுபடி நிறைவேற்றினால், அவர் 7 நாளில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். பட்ஜெட் மதிப்பீட்டை அவை திருத்தலாம், ஆனால் ஓரிடத்தில் கூட்டினால் வேறிடத்தில் அதே அளவு குறைக்க வேண்டும்.

சிக்கல் நியமனத்தில்தான் முளைக்கிறது. ஆளுநர் நியமிக்கும், அமைச்சர்கள் போன்ற நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு மட்டுமல்ல, துறைச் செயலாளர் போன்ற தலைமை அதிகாரிகளுக்கும் அவையின் ஒப்புதல் வேண்டும். பட்ஜெட் சண்டை முற்றினால் பெயர்ப் பட்டியலும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். செலவுக்குக் கையெழுத்திட ஆளில்லாமல் துறை முடங்கும். மகுவேனி கவுன்டியில் 2014-ல் ஆளுநருக்கும் அவைக்கும் மூண்ட தகராறு துப்பாக்கிச் சூடு வரை போனது. கவுன்டி அரசையே இடைநிறுத்தலாம் என்று விசாரணைக் குழு பரிந்துரைத்தது. 2015-ல் ஜனாதிபதி உஹுரு கென்யாட்டா மறுத்துவிட்டார்.

நிதியாண்டு தொடங்கும் ஜூலை 1-க்குள் பட்ஜெட் பணத்தைச் செலவிட அனுமதிக்கும் ஒதுக்கீட்டுச் சட்டம் வராவிட்டாலும் கென்யாவில் கஜானா முழுக்க மூடிவிடாது. அரசுப் பணம் எடுப்பதை மேற்பார்வையிடும் அதிகாரியான பட்ஜெட் கட்டுப்பாட்டாளர் அனுமதித்தால், சமர்ப்பித்த மதிப்பீட்டில் அதிகபட்சம் 50 சதவீதம் வரை எடுத்து அன்றாட வேலையை ஓட்டலாம்.