டிசி-யை எப்படிப் படிக்கிறேன்: ஃபோர்ஜிங் ஃபிளேஞ்சுகளோடு எட்டு வருடம்

காரைக்குடிக்கு வெளியே இருக்கிறது எங்கள் பட்டறை. ஏர் ரிசீவர், ஸ்டீம் ஹெடர், சின்ன ஆட்டோகிளேவ் என்று அழுத்தம் தாங்கும் சாமான்கள் செய்கிறோம். எனக்கு வெல்டிங் தெரியாது. உள்ளே வரும் சரக்கைச் சோதிப்பதுதான் என் வேலை. ஃபிளேஞ்ச் என்றால் குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் இரும்பு வளையம். இரும்பை அடித்து உருவாக்கினால் அது ஃபோர்ஜிங். ஃபிளேஞ்சோடு வரும் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டை எட்டு வருடமாகப் படிக்கிறேன். பட்டறையில் அதற்குப் பெயர் டிசி.

ஆரம்பத்தில் நான் பார்த்தது ஒன்றே ஒன்று, எண்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று. எஸ்ஏ 105 (கார்பன் ஸ்டீல் ஃபோர்ஜிங்குக்கான தரநூல்) என்றால் இழுவலிமை குறைந்தது 485 மெகாபாஸ்கல், ஈல்டு (இழுத்தால் திரும்பாமல் நீளத் தொடங்கும் அளவு) 250, நீட்சி (அறுவதற்குள் எவ்வளவு நீள்கிறது என்பது) 22 சதவீதம். மூன்றும் இருந்தால் டிக். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பொய் டிசி எழுதுகிறவரும் அதே தரநூலைப் பார்த்துத்தானே எழுதுகிறார்? வரம்புக்கு வெளியே எண் போட அவருக்கென்ன பைத்தியமா?

2019-ல்தான் கண் திறந்தது. 6 இன்ச் வெல்டு நெக் (கழுத்து வைத்த) ஃபிளேஞ்ச் 12 வந்தது. இழுவலிமை 518, கடினம் 184 பிரினெல் (கடினத்தைச் சொல்லும் ஓர் அளவுகோல்) என்று டிசி சொன்னது. இரண்டுமே தனித்தனியாகப் பார்த்தால் சரி. ஆனால் எங்கள் ஐயா பர்மாவில் ஒரு செட்டியார் பெட்டியடியில் கணக்கு எழுதியவர். குறிப்பேட்டில் இருப்பது பேரேட்டில் வரவேண்டும், எல்லாம் ஐந்தொகையில் சேரவேண்டும் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். கார்பன் ஸ்டீலில் பிரினெல் எண்ணை 3.45-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய இழுவலிமை வந்துவிடும். 184-க்கு 635 வரவேண்டும். 518 என்றால் கடினம் 150 பக்கம் இருக்கவேண்டும். ஐந்தொகை சேரவில்லை.

சப்ளையருக்குப் போன் போட்டேன். "டைப்பிங் மிஸ்டேக் மேடம், மாத்தி அனுப்புறேன்" என்றார். அரை மணி நேரத்தில் புது டிசி வந்தது. 184 இருந்த இடத்தில் 151. அதே தேதி, அதே கையெழுத்து. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். அந்த 151-ஐ எந்த மெஷின் சொன்னது?

ஒரு ஃபிளேஞ்சைக் குறுக்கே அறுத்து, வெட்டுமுகத்தைப் பாலிஷ் போட்டு, சூடான ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் போட்டோம். அடித்து உருவாக்கிய துண்டில் இழையோட்டம் கழுத்து வளைகிற இடத்தில் தானும் வளைந்து போகும். இதிலோ கோடுகள் தேக்குப் பலகை ரேகை மாதிரி நேராக ஓடி, முகப்பில் பட்டென்று அறுந்து நின்றன. கழுத்தில் வளைவே இல்லை. உருளைக் கம்பியைக் கடைந்து ஃபோர்ஜிங் என்று விற்றிருக்கிறார்கள். "ஏம்மா, ஒரு ஃபிளேஞ்சை அறுத்துப்பிட்டியே" என்று வந்த முதலாளி, அதைப் பார்த்ததும் மற்ற 11-ஐயும் வண்டியில் ஏற்றச் சொன்னார்.

அப்புறம் ஒரு போர்ட்டபிள் கடினமானி வாங்கினோம், லீப் வகை. சின்ன முனை ஒன்று துண்டின் மேல் மோதித் திரும்பும் வேகத்தை வைத்துக் கடினத்தைச் சொல்லும். நல்ல கருவிதான், ஆனால் எடை குறைந்த துண்டில் காலை வாரிவிடும். 5 கிலோவுக்கு மேல் என்றால் கவலையில்லை. 1 இன்ச் ஃபிளேஞ்சை அப்படியே மேசையில் வைத்து அடித்தால் துண்டு அதிர்ந்து, எண் குறைவாகக் காட்டும். கனமான தகட்டோடு பசை தடவி ஒட்டிவைத்துத்தான் அடிக்கவேண்டும். இது தெரியாமல் ஒரு நல்ல லாட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த சப்ளையரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

நீட்சியிலும் இப்படி ஒரு குழப்பம். டிசி-யில் 29 இருந்தது, திருச்சி லேபில் 25 வந்தது. சண்டைக்குக் கிளம்பிவிட்டேன். பார்த்தால் ஆலையில் அளவு நீளம் (நீட்சியை அளக்கச் சோதனைத் துண்டில் குறிக்கும் நீளம்) துண்டின் விட்டத்தைப் போல 4 மடங்கு, லேபில் 5 மடங்கு. நீளம் கூடினால் அதே இரும்பில் சதவீதம் குறையும். இப்போது லேப் ரிப்போர்ட் வந்தால் முதலில் அந்த வரியைத்தான் தேடுகிறேன். என்ஏபிஎல் (தேசிய அங்கீகாரம் பெற்ற) லேப் என்றால் யுஎல்ஆர் எண்ணையும், அதாவது ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் உள்ள தனி எண்ணையும்.

சார்பி சோதனையில் (வெட்டுப் போட்ட துண்டைச் சுத்தியலால் அடித்து உடைக்க எவ்வளவு ஆற்றல் தேவை என்று பார்ப்பது) நான் தேடுவது சிதறல், அதாவது துண்டுக்குத் துண்டு எண் மாறுவது. எல்எஃப்2 கிளாஸ் 1-க்கு (குளிர் தாங்கும் ஸ்டீல் வகை) மைனஸ் 46 டிகிரியில் சராசரி 20 ஜூல், எந்தத் துண்டும் 16-க்குக் கீழே போகக்கூடாது. (காரைக்குடி வெயிலில் உட்கார்ந்து மைனஸ் 46-ஐப் பற்றிப் படிப்பது தனி சுகம்.) மூன்று துண்டும் 46, 46, 46 என்று வந்தால் நான் நம்பமாட்டேன். 38, 57, 44 என்றால் நிம்மதி.

தாள் வகையைப் பற்றி ஒன்று. இஎன் 10204-இல் (சர்ட்டிஃபிகேட் வகைகளைச் சொல்லும் ஐரோப்பியத் தரநூல்) 2.2 வகை என்றால் எண்கள் உங்கள் லாட்டில் எடுத்தவையாக இருக்கவேண்டியதில்லை. 3.1 என்றால் நீங்கள் வாங்கிய சரக்கின் சோதனை முடிவுகளே இருக்கவேண்டும், தயாரித்தவரே தரவேண்டும். இடையில் வாங்கி விற்கும் கடைக்காரர் தன் லெட்டர்பேடில் 3.1 அடித்துத் தந்தால் அது வெறும் தாள். ஸ்டீம் லைனுக்குப் போகிற சரக்கென்றால் ஐபிஆர் (இந்திய பாய்லர் விதிகள்) ஃபாரம் 3-சி தனியாக வேண்டும்.

பெரிய ஆலைக் காகிதம் என்றாலும் விடுவதில்லை. பிரான்சின் க்ரூசோ ஃபோர்ஜ் அணு உலைப் பாகம் செய்கிற இடம். அங்கேயே தயாரிப்புக் கோப்புகளில் முறைகேடு என்று 2016-ல் வெளியே வந்தது, சந்தேகக் கோப்புகள் சுமார் 400. அதனால் டிசி எண்ணையும் ஹீட் நம்பரையும் (எந்த உருக்கில் வந்த இரும்பு என்று சொல்லும் எண்) சப்ளையர் வழியாக இல்லாமல் ஆலைக்கே நேராக மெயில் அனுப்பிக் கேட்கிறேன். செலவே இல்லாத சோதனை இது, அதிகம் பிடிபட்டதும் இதில்தான்.

போன வாரம் 20 ஃபிளேஞ்ச் வந்தது. கம்பி பிரஷ் போட்டுப் பெயின்ட்டைத் தேய்த்தால் ஹீட் நம்பரின் கடைசி எழுத்து 1-ஆ 7-ஆ என்று தெரியவில்லை. வெல்டர் அண்ணன் தினமும் வந்து, "என்னம்மா, விட்ரலாமா?" என்கிறார். ஆலையிலிருந்து பதில் வரவில்லை. சிவப்புப் பெயின்ட் அடித்து மூலையில் வைத்திருக்கிறேன்.