பிளாக்பிங்க்கின் ‘பார்ன் பிங்க்’: மூன்று வருடம் கேட்ட பிறகு

2022 செப்டம்பர் 16, வெள்ளிக்கிழமை. கொரியாவின் நால்வர் பெண்கள் குழுவான பிளாக்பிங்க்கின் இரண்டாவது முழு ஆல்பம் ‘பார்ன் பிங்க்’ அங்கே மதியம் ஒரு மணிக்கு வந்தது. நமக்குக் காலை ஒன்பதரை. தாம்பரத்தில் ரயில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே முதல் பாட்டைப் போட்டேன். கிண்டி தாண்டுவதற்குள் எட்டுப் பாட்டும் முடிந்துவிட்டது. ஏதாவது விட்டுப்போச்சா என்று பட்டியலை மறுபடி மேலே தள்ளிப் பார்த்தேன். எதுவும் விடவில்லை. மொத்தமே எட்டுதான், 25 நிமிடம்கூட வராது.

கே-பாப் என்கிற கொரியப் பாப் இசை பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘கம்பேக்’ என்றால் ஓய்வுபெற்றவர்கள் திரும்பி வருவது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஒவ்வொரு புது வெளியீட்டுக்குமே அந்தப் பெயர்தான். பல குழுக்கள் வருடத்துக்கு இரண்டு முறை கம்பேக் செய்யும். பிளாக்பிங்க் ரசிகர்களான எங்களுக்கு மட்டும் அந்தச் சொல்லுக்கு நிஜமாகவே ‘திரும்பி வருதல்’ என்ற அர்த்தம் இருந்தது. முதல் முழு ஆல்பம் 2020 அக்டோபர் 2-ல் வந்தது. அதன் பிறகு ரோஸே தனியாகப் பாடினார், லிசா தனியாகப் பாடினார், ஜிசூ டிவி நாடகத்தில் நடித்தார். நான்கு பேரும் சேர்ந்து ஒரு ஆல்பம் தருவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. அத்தனை நாள் காத்திருந்தவர்களுக்கு எட்டுப் பாட்டு என்றால், யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அந்த எட்டையும் பிரித்துப் பார்த்தால் இன்னும் குறையும். ‘பிங்க் வெனம்’ ஆகஸ்ட் 19-லேயே வந்துவிட்டது. ‘ரெடி ஃபார் லவ்’ ஜூலையில் ஒரு மொபைல் விளையாட்டோடு சேர்ந்து வந்தது. ‘ஹார்ட் டு லவ்’ ரோஸே மட்டும் பாடியது. ஆக, நால்வரும் பாடி நாங்கள் அன்று புதிதாகக் கேட்டவை ஐந்து.

இதை அன்று மாலையே என் சித்தி மகளிடம் போனில் சொன்னேன். அப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு. எனக்கு பிளாக்பிங்க்கை அறிமுகப்படுத்தியதே அவள்தான். “இப்பப் போய் குறை சொல்லாதேக்கா, முதல் வாரம் முடியட்டும்” என்றாள். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். முதல் வாரம் என்பது ரசிகர்களுக்குத் தேர்வு வாரம் மாதிரி. யூடியூப் பார்வைகள், ஸ்பாட்டிஃபை எண்ணிக்கை, ஆல்பம் விற்பனை எல்லாம் அந்த ஏழு நாளில்தான் தலைப்புச் செய்தி ஆகும். ‘பிங்க் வெனம்’ வீடியோ வந்த 24 மணி நேரத்தில் 9 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. அதில் எங்கள் வீட்டு டிவி, அவள் போன், என் போன் எல்லாம் அடக்கம். ஆல்பம் முன்பதிவிலேயே 20 லட்சத்தைத் தாண்டியது. அமெரிக்காவின் பில்போர்டு 200 ஆல்பப் பட்டியலிலும் பிரிட்டன் ஆல்பப் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. கொரியப் பெண்கள் குழு ஒன்று அந்த இரண்டு இடங்களில் எதிலும் அதுவரை முதலிடத்தில் நின்றதில்லை. செய்தி வந்த அன்று அவள் அழுதுகொண்டே கூப்பிட்டாள், எனக்கும் தொண்டை அடைத்தது. உண்மையான சந்தோஷம் அது, இன்றைக்கும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த எண்கள் பாட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் தேவைப்பட்டது.

முதலில் ‘ஷட் டவுன்’. 1826-ல் இத்தாலிய வயலின் மேதை பாகனினி எழுதிய இரண்டாவது வயலின் கான்செர்டோவின் (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) கடைசிப் பகுதி ‘லா கம்பனெல்லா’. அந்தச் சொல்லுக்குச் சின்ன மணி என்று பொருள். அதிலிருந்து ஒரு வயலின் வரியை எடுத்து, அடியில் கனமான தாளத்தைப் போட்டுப் பாட்டு முழுக்கச் சுழலவிட்டிருக்கிறார்கள். கேட்ட முதல் நாள், “ஒரே வரியையே திருப்பித் திருப்பி வாசிக்கிறாங்களே” என்று எனக்குச் சலிப்பு. சித்தி மகள் கர்நாடக வயலின் கற்றவள். ஒரு ஞாயிறு மாலை, அவர்கள் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, அந்த வரியைப் பிடிக்கப் பார்த்தாள். நாலைந்து முறை தவறியது. விரல் தானாகவே அசைவு கொடுத்துவிடுகிறது. “இதுல சுரத்தை ஆட்டவே கூடாதுக்கா. ஊசி மாதிரி போய்க் குத்திட்டு நிக்கணும்” என்றாள். ஆறாவது முறை சரியாக வந்தது. பக்கத்தில் போனில் குழுவின் நான்காவது பெண் ஜென்னியின் ராப் ஓட, இவள் அந்த வரியை நிறுத்தாமல் வாசித்தாள். மேலே வயலின் இம்மியும் அசையாமல் நிற்பதால்தான் கீழே நான்கு பேரின் குரல்களும் அலட்சியமாக ஆட முடிகிறது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டை நான் தள்ளிவிட்டதே இல்லை.

‘யா யா யா’ பாட்டின் வரிகளில் ஜிசூவுக்கும் ரோஸேவுக்கும் பங்கு உண்டு. ஆல்பத்தில் அவர்கள் கைபட்ட வரிகள் இதில் மட்டும்தான். எண்பதுகளின் சின்தசைசர் வாசனையோடு, யாரையும் மிரட்டாமல், ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று சொல்லத் தயங்கும் பாட்டு. வந்த வாரத்தில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. என் போனில் மூன்று வருடமாக அதிகம் ஓடியது இதுதான். மாலை ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டால் கை தானாக இதைத்தான் தேடும். ஜிசூவின் கனத்த குரல் கீழே இறங்கி நிற்கும் இடங்கள் இதில் இருக்கின்றன. மற்றப் பாடல்களில் அவருக்கு அந்த இடத்தை இன்னும் கொடுத்திருக்கலாம் என்ற மனக்குறை ஒவ்வொரு முறை கேட்கும்போதும் வரும்.

‘டாலி’ பற்றி வீட்டில் சண்டையே நடந்தது. கோரஸில் கெட்ட வார்த்தை வருகிறது, வேண்டுமென்றே அதிர்ச்சிக்காகப் போட்டது என்று முதலில் நானும் நினைத்தேன். பையன்கள் செய்தால் கணக்கில் வராதது பெண் செய்தால் மட்டும் ஏன் கணக்கில் ஏறுகிறது என்பதுதான் பாட்டின் விஷயம். கிடார் மெதுவாக நடக்க, கத்தாமல், சாதாரணமாகப் பேசுகிற தொனியில் பாடியிருக்கிறார்கள். வேலையில் ஒரு மோசமான நாளில், என் தவறுகளை மட்டும் வரிசையாக அடுக்கிய ஒரு கூட்டத்திலிருந்து வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து இதைக் கேட்டேன். அன்றிலிருந்து இது என் பாட்டு.

‘டைப்பா கேர்ள்’ மேடையில் நன்றாக இருக்கும், வீட்டில் நான் போடுவதில்லை. ‘தி ஹாப்பியஸ்ட் கேர்ள்’ பியானோவோடு வரும் சோகப் பாட்டு. குரல்களுக்காகக் கேட்கலாம், பாட்டு மனதில் தங்கவில்லை.

‘பிங்க் வெனம்’ விஷயத்தில் என் அபிப்பிராயம் இரண்டு முறை மாறியது. கொரியாவின் கோமுங்கோ தந்தி வாத்தியத்தோடு தொடங்கும்போது சிலிர்த்தது. இரண்டே மாதத்தில் புளித்துவிட்டது. அவர்களுடைய பழைய ஹிட்களின் அச்சிலேயே வார்த்த பாட்டு என்ற விமர்சனம் நியாயம்தான் என்று தோன்றியது. பிறகு 2023 ஏப்ரலில் கோச்செல்லா, அமெரிக்காவின் பெரிய இசைத் திருவிழா. கொரியக் கலைஞர்கள் அங்கே தலைமை நிகழ்ச்சி நடத்தியது அதுவே முதல் முறை. நமக்கு ஞாயிறு பகல். சித்தி வீட்டு டிவியில் நேரலை. கொரியப் பாணி ஓட்டுக் கூரையை மேடையில் நிறுத்தி, கொரியப் பாரம்பரிய உடையான ஹான்போக்கின் சாயலில் உடுத்தி, இந்தப் பாட்டோடுதான் தொடங்கினார்கள். கலிஃபோர்னியப் பாலைவனத்தில் அந்தக் கூரைக்குக் கீழே நால்வரையும் பார்த்தபோது அந்தப் பாட்டு எதற்காக எழுதப்பட்டது என்று தெரிந்தது. இப்போதும் காதில் மாட்டிக் கேட்க அது எனக்குச் சரிப்படவில்லை. மேடைக்கு அதை விட்டால் வேறு பாட்டு இல்லை.

ஆல்பத்தின் சிடி வந்த பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். பிங்க், கறுப்பு, சாம்பல் என்று மூன்று நிறத்தில் பாக்ஸ் செட் போட்டார்கள். ரசிகர்கள் பலர் சேர்ந்து ஆர்டர் போடும் ஒரு விற்பனையாளர் மூலம் பிங்க் நிறத்தை வாங்கினேன். வந்து சேர இரண்டரை மாதம். மூலை நசுங்கியிருந்தது, கேட்டதற்குப் பதிலே இல்லை. உள்ளே இருந்த புகைப்படப் புத்தகம் இன்றும் தையல் விடாமல், நிறம் மங்காமல் இருக்கிறது. சிடியை வாங்கிய அன்று ஒரு முறை வெளியே எடுத்ததோடு சரி. போட்டுக் கேட்க வீட்டில் எதுவும் இல்லை. பாடகியின் படம் போட்ட சின்ன அட்டையான போட்டோகார்டைச் சித்தி மகள் எடுத்துக்கொண்டாள். மூன்று நிறத்தையும் வாங்கச் சொல்லித் தூண்டும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே இருப்பது அதே 25 நிமிடம். கைச்செலவுக் காசில் வாங்கும் பள்ளிப் பிள்ளைகள்தான் இந்தச் சுமையைத் தூக்குகிறார்கள்.

என் விமர்சனத்தை யார் மீது வைப்பது என்பது முதல் வருடம் முழுக்கக் குழப்பமாக இருந்தது. பாட்டு குறைவு என்று சொன்னாலே அந்தப் பெண்களை மட்டம் தட்டுவதாக மற்ற ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு நடந்தது எனக்கு அதைத் தெளிவாக்கியது. 2023 டிசம்பரில் குழுவாகப் பாட மட்டும், அதுவரை அவர்கள் பாட்டுகளை வெளியிட்டுவந்த பழைய நிறுவனத்தோடு ஒப்பந்தம் புதுப்பித்து, தனி வேலைகளுக்கு நால்வரும் வெளியே வந்தார்கள். 2024 டிசம்பரில் ரோஸே 12 பாட்டோடு ஆல்பம் போட்டார். 2025 மார்ச்சில் ஜென்னி 15 பாட்டு. ஒருவராகவே இவ்வளவு தர முடிந்தவர்கள், நால்வராக முதல் ஆறு வருடத்தில் இரண்டு முழு ஆல்பம், பதினாறு பாட்டோடு நிறுத்தப்பட்டிருந்தார்கள். ரோஸேவின் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு ‘ஹார்ட் டு லவ்’ போட்டுப் பாருங்கள். அந்தக் குரலில் சொல்வதற்கு எவ்வளவு அடைபட்டுக் கிடந்தது என்று கேட்கும். திறமை குறைவாக இருந்ததே இல்லை. அளந்து ஊற்றிய கை வேறு.

அதனால் என் முடிவு இப்போதைக்கு இப்படி: ஆல்பமாக ‘பார்ன் பிங்க்’ அரைகுறை. ஒன்றோடு ஒன்று சேராத பாடல்கள், அவசரமாக மூடிய கதவு மாதிரி ஒரு முடிவு. அதிலுள்ள மூன்று பாட்டு என் வாழ்க்கையோடு ஒட்டிவிட்டன. புதிதாகக் கேட்பவர்கள் நான்காவது பாட்டான ‘யா யா யா’வில் தொடங்குங்கள். பெட்டி வாங்க ஆசைப்பட்டால் ஒரு நிறம் போதும்.

2025 ஜூலை 11 அன்று நால்வரும் சேர்ந்து பாடிய புதுப் பாட்டு ‘ஜம்ப்’ வந்தது. மதியம் அலுவலகத்தில் இருந்தபோது சித்தி மகள் கூப்பிட்டாள். அப்போது அவள் கல்லூரியில் மூன்றாம் வருடம். இந்த முறை முதல் வாரத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

“நான் மூணு தடவை கேட்டுட்டேன். உனக்கு எப்படிக்கா இருக்கு? உள்ளதைச் சொல்லு.”

சொன்னேன். அவளுக்குத் தோன்றியதை அவளும் சொன்னாள். மதிய உணவு நேரம் முடியும்வரை பேசினோம்.