மூட்டுவலியோடு சென்னையில்: மெட்ரோவா, பஸ்ஸா, மின்சார ரயிலா?

முழங்கால் தேய்மானம் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள், படி ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை என்பார்கள். மடங்கிய முட்டி மொத்த எடையையும் தாங்கிக்கொண்டே இறங்க வேண்டும். அதனால் கட்டணம், வேகமெல்லாம் அப்புறம். எத்தனை படி இறங்கணும் என்பதுதான் என் முதல் கேள்வி.

அதில் மெட்ரோவுக்குத்தான் முதலிடம். லிஃப்ட் உண்டு, நடைமேடையும் ரயிலின் தளமும் கிட்டத்தட்ட ஒரே மட்டம், வண்டி குலுங்காது. ஆனால் எல்லா வாசலிலும் லிஃப்ட் கிடையாது. சில வாசல்களில் எஸ்கலேட்டர் ஏறுவதற்கு மட்டும்தான்; நமக்கு வேண்டியதோ இறங்குவதற்கு! லிஃப்ட் சாலையின் எந்தப் பக்கம் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரலில் தடம் மாறுவதென்றால் நடையும் கொஞ்சம் அதிகம்.

பஸ்ஸில் இரண்டு ரகம். பழைய பஸ்ஸின் முதல் படியே முட்டிக்குச் சோதனை. தாழ்தளப் பேருந்தின் தளம் தரையிலிருந்து சுமார் 400 மி.மீ. உயரம்தான், உள்ளே நுழையப் படியே இல்லை. ஏறுவதற்கு வசதியாக ஒரு பக்கம் சாய்ந்தும் கொடுக்கும். 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. ஆனால் நடைபாதையை ஒட்டி நிறுத்தினால்தான் இந்த வசதிக்கு அர்த்தம். நடுரோட்டில் நிறுத்தினால் பாதிப் பயன் போச்சு. முடக்குவாதத்தில் (மூட்டுகள் வீங்கி விறைக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) விரலும் மணிக்கட்டும் வீங்கியவர்களுக்குக் கவலையே வேறு: பிரேக் போடும்போதெல்லாம் கம்பியை இறுகப் பிடிக்க வேண்டும். இருக்கை கிடைக்காத பஸ்ஸை அவர்கள் விட்டுவிடலாம். சென்னைவாசிகளில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் 10 இலவச பஸ் டோக்கன் உண்டு என்பதும் நினைவிருக்கட்டும்.

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் மலிவு, வேகம். ஆனால் நடைமேம்பாலம், நடைமேடைக்கும் ரயில் வாசலுக்கும் நடுவே இடைவெளி, நொடிக்கணக்கில் மட்டும் நிற்கும் வண்டி. கூட்ட நேரத்தில் நான் சிபாரிசு செய்யமாட்டேன். மேம்பாலத்தில் ஓடும் பறக்கும் ரயிலின் நிலையங்களோ பெரும்பாலும் மாடி உயரத்தில். எஸ்கலேட்டர் நின்றுபோனால் அத்தனையும் படிதான்.

ஷேர் ஆட்டோவில் குனிந்து, உடம்பைத் திருகி உள்ளே நுழைய வேண்டும். வேண்டாம்.

நீண்ட தூரத்துக்கு மெட்ரோ, நேர் வழியில் கிடைத்தால் தாழ்தளப் பஸ், இதுதான் என் தேர்வு. முடக்குவாதக்காரர்களுக்குக் காலையில் மூட்டு விறைப்பு தளர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்; முடிந்தால் பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள், கூட்டமும் குறைந்திருக்கும். கைத்தடி வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில். படி ஏற நல்ல கால் முதலில், இறங்க வலிக்கிற கால் முதலில்.